கம்பளி உலர ஐம்பது நிமிடம்

ஸ்வெட்டர் கழுத்தைத் தாண்டி இறங்க மறுத்தது.

"இழு," என்றது உள்ளிருந்து அவள் கணவரின் குரல்.

"இழுத்துட்டுதான் இருக்கேன். நீங்க தலையைக் கொஞ்சம் அடக்கமா வெச்சுக்குங்க."

"தலையை எப்படி அடக்கமா வெச்சுக்கறது? அது இருக்கிற அளவுதானே இருக்கும்."

"இடது கையையாவது மேல தூக்குங்களேன்."

"அதுக்கு இங்க இடம் இல்ல," என்றார் அவர்.

அவள் இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முதுகெலும்பு முடிகிற இடத்தில், யாரோ ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு ஏறியது. நல்ல வேளையாக அவர் முகம் கம்பளிக்குள் இருந்தது. அதனால் அவள் தன் முகத்தை அதன் போக்கில் விட்டாள். அது கோணிற்று, சுளித்தது, பல்லைக் கடித்தது. அவர் தலை வெளியே வந்தபோது முகம் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஸ்வெட்டர் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"போன குளிருக்கு இது எனக்குத் தொளதொளன்னு இருந்துச்சு," என்றார்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். "நீங்க கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டீங்க," என்றாள்.

அவர் ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இருக்கும், இருக்கும்," என்று சட்டென்று ஒப்புக்கொண்டார்.

அதோடு போயிருக்கும். ஆனால் குளியலறை வாசலில் எடை மிஷின் கிடந்தது. தொழில் பழக்கத்தில் அவர் கால் தானாக அதன் மேல் ஏறிவிட்டது. அறுபத்து நான்கு கிலோ. கல்யாணத்தன்று இருந்த அதே எடை. இருவரும் முள்ளைப் பார்த்தபடி நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி, எங்கே விழுவது என்று தீர்மானிக்காதது போல, மெதுவாக மிதந்துகொண்டிருந்தது.

"அப்ப மிஷின்தான் தப்பு," என்றார் அவர்.

"இருக்கும், இருக்கும்," என்றாள் இந்த முறை அவள்.

வேறு யாராவது இருந்தால் ஸ்வெட்டரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் முத்திரை ஆய்வாளர். எடைக்கற்கள் வைத்த பெட்டியை இடது தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், பொய் சொன்னால் பறிமுதல் செய்வார். இருபது வருடம் இதையே செய்த மனிதர், எது பிசகினாலும் முதலில் தராசின் கழுத்தைத்தான் பிடிப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்த வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது தராசு இல்லை, அவள்.

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு வைத்து, பல் பல்லாகப் பதித்து, சீவி, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். குனிந்தே செய்கிற வேலை. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்த மேசையில் இருந்தவளுக்கு இந்த வருடம்தான் ஜன்னலோர மேசை கிடைத்தது. மதிய வெளிச்சம் சாய்ந்து வரும்போது பல் செட்டுகள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கும். எதற்குச் சிரிக்கின்றன என்று தெரியாது. ஆனாலும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

வலி எட்டு வருடமாக இருக்கிறது. கோடையில் ஒரு ஓரமாகச் சுருண்டு கிடக்கும். முதல் பனி விழுந்ததும் எழுந்து, சோம்பல் முறித்து, அவள் முதுகில் காலை நன்றாக நீட்டிக்கொள்ளும். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "முழுசாப் போகாதும்மா. ஆனா சமாளிக்கலாம். ஒரே இருப்பா உட்காராதீங்க, தினமும் கொஞ்ச நேரம் நல்லா சூடு காட்டுங்க," என்றார். சமாளிக்கலாம் என்ற சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் கணவருக்குப் போதவில்லை. அவருடைய அக்கா, வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் இருந்தாள்.

"அங்கேயே போயிடலாம்," என்றார் போன குளிரில். "மாற்றல் கேட்டு எழுதியே வெச்சுட்டேன். தேதி மட்டும்தான் போடலை. உன் முதுகுக்காகத்தான் சொல்றேன்."

"அங்க பல் செட் கூடம் இருக்கா?"

"அந்த ஊர்ல எல்லாருக்கும் சொந்தப் பல்லுதானாம். அக்கா சொல்றா."

சொந்தப் பல் உள்ள ஊரில் அவள் என்ன செய்வாள்? நாத்தனார் வீட்டு மாடி அறையில், நாத்தனாரின் யோசனைகளைக் கேட்டுக்கொண்டு, வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கலாம். அதனால் இந்தக் குளிர் ஆரம்பித்த வாரமே அவள் அறிவித்துவிட்டாள்: நாத்தனார் போனில் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியில் வலி சுத்தமாகப் போய்விட்டது.

நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொல்லலை? ஏம்மா, போனைச் சாய்ச்சு வெச்சுட்டு ஒரு தடவை குனிஞ்சு நிமிர்ந்து காட்டு, பார்ப்போம்."

குனிந்தாள். நிமிர்ந்தாள். அவள் கண்ணில் வந்த நீரை நாத்தனார் நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

வலி போய்விட்ட வீட்டில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்ள முடியாது. அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. வலி மட்டும் அவளோடு கீழேயே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு நாள் போர்வை துவைக்கத் தெருமுனைச் சலவைக் கூடத்துக்குப் போனாள். டோக்கன் போட்டு நாமே துவைத்து, நாமே உலர்த்திக்கொள்கிற இடம். உலர்த்தும் மிஷின்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஏழாம் நம்பருக்கு அருகில், யாரோ இடம் தெரியாமல் போட்டுவிட்டுப் போன மாதிரி ஒரு பெஞ்சு, மிஷினின் பக்கவாட்டோடு ஒட்டிக் கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். சாய்ந்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தகரத்தின் வழியாக ஒரு கதகதப்பு, தயங்கித் தயங்கி, மேல்கோட்டைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டி, அந்த முறுக்கிய இடத்தைக் கண்டுபிடித்தது. மிஷினின் அதிர்வு எலும்புக்குள் முனகிற்று. எதிர்வரிசைக் கண்ணாடி வட்டங்களில் யார் யாருடைய சட்டைகளோ கைகோத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு நீலக் கை ஒவ்வொரு சுற்றுக்கும் அவளைப் பார்த்து ஆட்டிவிட்டுப் போனது. வெளியே தெரு வெளுத்து, கரைந்து, இல்லாமல் போயிற்று. வலி ஒரு கொட்டாவி விட்டு, "சரி, கொஞ்சம் கண் அசர்றேன்," என்று சொன்னது போலிருந்தது. எட்டு வருடத்தில் முதல் முறையாக வலிக்கு முன்னால் அவள் தூங்கிவிட்டாள்.

"ஏம்மா, துணி நின்னுடுச்சு. எழுந்திரு."

சலவைக் கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். பேசும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மேல் செட் தளர்ந்திருக்கிறது என்று அவள் தூக்கக் கலக்கத்திலும் கணித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்துக்கறேனே."

அம்மாள் பென்சிலால் சுவரைக் காட்டினார். *மிஷினில் துணி ஓடாதவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது.*

அன்றிலிருந்து தினமும், மதிய வேலைக்குக் கிளம்புவதற்கு முன், காலை பத்து மணிக்குப் போனாள். மூன்றாம் நாளே வீட்டில் அழுக்குத் துணி தீர்ந்துவிட்டது. பிறகு சுத்தமான துணியைத் துவைத்தாள். எதையும் கணக்காகச் செய்கிறவள் ஆதலால், எந்தத் துணி எவ்வளவு நேரம் ஓடும் என்று குறித்துவைத்தாள். துண்டு பதினெட்டு நிமிடம். போர்வை இருபத்தைந்து. கணவரின் கம்பளி ஸ்வெட்டர், முழுச் சூட்டில், ஐம்பது நிமிடம்.

ஐம்பது நிமிடம். அந்த எண்ணைப் பார்த்தபோதே முதுகு இளகியது.

மூன்று ஸ்வெட்டர்கள் இருந்தன. முறை வைத்துத்தான் எடுத்துப் போனாள். சாம்பல் நிற ஸ்வெட்டர் அவள் குறிப்பின்படி நான்கே முறைதான் போயிருந்தது. நான்கு முறைக்கு இவ்வளவு சுருங்குமா என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் கம்பளியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? பல்லைப் பற்றிக் கேட்டால் சொல்வாள்.

அவர் தன் எடையைக் குறைப்பதென்று முடிவு செய்தார். பாதிச் சாப்பாடு. பாதிச் சாப்பாட்டில் உடம்பு சூடு குறைந்தது, குளிர் கூடியது. அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டார். அதில் மூச்சு முட்டியது.

"இன்னும் பெருத்துட்டேனா?" என்று கேட்டார், கைகளைப் பக்கவாட்டில் இறக்க முடியாமல், பொம்மை போல நின்றுகொண்டு.

"கொஞ்சம்," என்றாள் அவள் மனசாட்சியில்லாமல்.

அந்த நாட்களில் அவர் ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவார். "கடை திறக்கிறதுக்கு முன்னாடி போனாத்தான் கையும் களவுமாப் பிடிக்க முடியும்." திறக்காத கடையில் தராசு எப்படிப் பொய் சொல்லும் என்று அவள் கேட்டிருக்கலாம். சீக்கிரம் கிளம்பினால் நல்லது என்று இருந்தவள் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் எடைக்கல் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாக மெத்துத் துணியில் பிடித்து எடுத்து, எடை மிஷினில் வைத்தார். ஐந்து கிலோ வைத்தால் ஐந்து காட்டியது. எட்டு வைத்தால் எட்டு.

"மிஷின் சரியா இருக்கே," என்றாள் அவள், ஸ்வெட்டர் கிடந்த பக்கம் பார்க்காமல். அடுத்தது ஸ்வெட்டர்தான்.

அவரும் ஏனோ கலங்கித்தான் போனார். நெடுநேரம் யோசித்தார். "அப்ப எடைக்கல்லுல கோளாறு இருக்கலாம்," என்றார்.

தராசைச் சந்தேகிப்பது அவர் தொழில். எடைக்கல்லைச் சந்தேகிப்பது, பாதிரியார் கடவுளைச் சந்தேகிப்பது மாதிரி. இதை அலுவலகத்தில் போய்ச் சொன்னால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதற்கெல்லாம் காரணம் அவள் முதுகு.

மறுநாள் அவர் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். "அதைத் தூக்கிட்டு அலைய வேணாம்னு பார்க்கறேன்." அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சுருங்கியதை நீட்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

சாம்பல் ஸ்வெட்டரை நனைத்தாள். ஜன்னல் கம்பியில் தோளோடு மாட்டினாள். நீட்டுவதற்குக் கனம் வேண்டும். கனத்துக்கு வீட்டில் வேறு எதுவும் தோதாக இல்லை. ஐந்து கிலோ எடைக்கல்லைக் காலுறைக்குள் போட்டு இடுப்புப் பட்டியில் கட்டினாள். இடது கைக்கு இரண்டு கிலோ. வலது கைக்கும் இரண்டு கிலோ கட்டத்தான் நினைத்தாள். பெட்டியில் ஒரே ஒரு இரண்டு கிலோதான் இருந்தது. ஒரு கிலோவைக் கட்டினாள்.

கட்டி முடித்ததும் முதுகு அவளைத் தரையில் படுக்கவைத்தது. கேட்கவில்லை, படுக்கவைத்தது.

கீழேயிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் முழுக்க வெள்ளை. அதன் நடுவே கைகளைத் தொங்கவிட்ட ஒரு சாம்பல் மனிதன், தலையில்லாமல், அவசரமில்லாமல், வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். சொட்டு. சொட்டு. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நூல் இறங்கினான். இவன் தரைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் இவனிடம் சொல்லிவிடலாம், தலையில்லாதவன் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். நினைத்தபடியே கண் மூடிவிட்டது.

'ணங்' என்ற சத்தத்தில்தான் விழித்தாள். வலது கையின் முடிச்சு அவிழ்ந்து, ஒரு கிலோ எடைக்கல் ஜன்னலடி இரும்பு விளிம்பில் விழுந்து உருண்டுகொண்டிருந்தது. அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சில்லு காணவில்லை. தரையெல்லாம் தடவித் தேடினாள். கிடைக்கவில்லை. கல்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

மறுநாள் காலை அவர் ஸ்வெட்டரைப் போட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. முழங்கால் வரைக்கும் இறங்கியது. இடது கை விரல்களைத் தாண்டித் தொங்கியது. வலது கை மணிக்கட்டுக்கு முன்னாலேயே நின்றது.

கண்ணாடி முன்னால் நின்று இருவரும் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இளைச்சுட்டீங்க," என்றாள்.

"ஒரே நாள்லயா?"

"பாதிச் சாப்பாடுதானே சாப்பிடறீங்க."

"இடது பக்கம் மட்டும் அதிகமா இளைச்சிருக்கேனே."

"சில பேருக்கு அப்படித்தானாம்."

"இருக்கும், இருக்கும்," என்றார் அவர். அவள் கண்ணைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தார். ஒரு கிலோக் கல்லை எடுத்தார். பெட்டியோடு வந்த சிறிய சோதனைத் தராசில் வைத்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு கிராம். கல்லைத் திருப்பிப் பார்த்தார். சில்லு போன இடத்தில் ஒரு சாம்பல் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊதிவிட்டார்.

"குளிர்ல எடைக்கல்லும் சுருங்கும் போல," என்றார் மெதுவாக.

"இப்ப என்ன செய்வீங்க?"

"மேலிடத்துக்கு எழுதியாகணும். இந்தக் கல்லை வெச்சு இந்த வருஷம் முந்நூறு தராசுக்கு முத்திரை குத்தியிருக்கேன்."

"எழுதினா?"

"விசாரணை வரும். அரசாங்கக் கல்லு வீட்டுல என்ன பண்ணுச்சுன்னு கேட்பாங்க."

"கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஸ்வெட்டர் பத்தலைன்னு சொல்றதா?" என்றார். "வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புவாங்க."

இரண்டு நாள் சாயங்காலம் வெள்ளைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வரி எழுதவில்லை. இரண்டாம் நாள் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து, "கொஞ்சம் தண்ணி கொடேன்," என்றார். கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கவில்லை.

பல் செட் கூடத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அவள் நியாயமாக யோசித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் இந்த மேசை. இன்னொரு பக்கம் அந்த மனிதரின் இருபது வருட நாணயம். கல்லை உடைத்தது நான், உடைத்தது ஸ்வெட்டருக்காக, ஸ்வெட்டரைச் சுருக்கியது முதுகுக்காக என்று முதலிலிருந்து சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார். அவள் வெயில் ஊருக்குப் போய்ச் சேர்வாள். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதுதான் அழுகையாக வந்தது.

"வலி போகலைங்க," என்று எதிரே இருந்த பல் செட்டுகளிடம் சொல்லிப் பார்த்தாள். அவை சிரித்தன. "வலி போகவே இல்லைங்க," என்று திருத்திச் சொன்னாள். அதற்கும் சிரித்தன.

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிடுவது என்று மறுநாள் காலை முடிவாயிற்று. அதை நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். நிமிர வேண்டுமென்றால் முதுகுக்கு ஐம்பது நிமிடம் வேண்டும். அலமாரியில் கைக்கு முதலில் கிடைத்த சாம்பல் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு பனியில் நடந்தாள். அது துவைக்கவே தேவையில்லாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. ஆனால் அவள் கொண்டுபோகிற எல்லாமே அப்படித்தானே இருக்கும்.

துவைத்து எடுத்து, ஏழாம் நம்பரில் போட்டு, கடைசி முறையாகச் சாய்ந்தாள். கதகதப்பு வழக்கம் போலத் தயங்கித் தயங்கி வந்தது. சட்டைகள் சுற்றின. இந்தப் பெஞ்சு, இந்த முனகல், ஜன்னல் மேசையில் சாய்கிற வெளிச்சம், எல்லாமே ஏற்கெனவே தூரத்துக்குப் போய், கண்ணாடி வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவது போலிருந்தது. தூங்கவில்லை. ஐம்பது நிமிடமும் விழித்திருந்து, ஒவ்வொன்றாகச் செலவழித்தாள்.

மிஷின் நின்றது. எழுந்தாள். ஸ்வெட்டரை எடுத்து மேசை மேல் விரித்து மடிக்கப் பார்த்தாள். இரண்டு கையும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

"இதுதான் கடைசிம்மா," என்றாள் பொறுப்பாளரிடம். "இனிமே வரமாட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

அம்மாள் இத்தனை வாரத்தில் முதல் முறையாகக் குறுக்கெழுத்தை விட்டுத் தலையைத் தூக்கினார். அவளைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். நீளக் கையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார், குட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"தினமும் காலைல ஏழு மணிக்கு ஒருத்தர் இதே ஸ்வெட்டரை இதே மிஷின்ல ஓடவிட்டுட்டு, இடது தோளை இங்கதான் சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்," என்றார் 'டக் டக்' என்ற சத்தத்தோடு, "நேத்து போகும்போது அவரும் இதையேதான்மா சொன்னார்: இதுதான் கடைசி, பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு."